காட்டேஜ் எலும்பும் கொறங்காட்டு ஆடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் ஞாயிறு இணைப்புல நம்ம கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையெல்லாம், அதாவது காட்டுக்குள்ள இருக்கற வீடெல்லாம், காட்டேஜா மாறீட்டு வர்றதைப் பத்தி பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க. ஆழியாறு ஆனைமலைப் பக்கம்தான் முன்னாடி இதெல்லாம் இருந்துது, இப்ப காங்கயம் தாராபுரம் மூலனூருன்னு வறண்ட காட்டுக்கே வந்திருச்சு, குடும்பத்தோட போலாம், பிரண்ட்ஸோட போலாம், நாயைக்கூடக் கூட்டீட்டுப் போலாம்னு எழுதியிருந்தீங்க. அப்புறம் ஒருத்தர் அதுக்குக் கோவமா லெட்டர் போட்டிருந்தாரு, டவுனுக்காரங்க நாயோட வந்து எறங்கறதாலதான் எங்க ஆடெல்லாம் சாகுது, இவங்களை ஊருக்குள்ளயே உடக்கூடாதுன்னு. அவரு கோவத்துல நாயம் இருக்குதுங்க, ஆனா கை காட்டுன எடம்தான் வேற. கார்ல போற நாயால வர்ற தொந்தரவு கொஞ்சம், அந்தக் காட்டேஜ் சமையக்கட்டுக்குப் பின்னாடி கொட்டற எலும்பால வர்ற தொந்தரவு நெறைய. கண்ணால பாத்துட்டு வந்ததால எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாமப் போட்டீங்கன்னா நல்லது.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கறேன். வீட்டுல ரெண்டு பசங்க, வீட்டுக்காரரு, மாமியாரு, அப்புறம் வெள்ளச்சி. வெள்ளச்சிங்கறது நாட்டு நாய், கம்பெனி கேட்டுக்கிட்ட குட்டியாக் கெடந்ததைத் தூக்கீட்டு வந்தது. இதை யாரு வீட்டுல உட்டுட்டுப் போறதுங்கற ஒரே பிரச்சனையால நாங்க எங்கயும் தங்கற மாதிரி வெளிய போறதே இல்ல, நாய் பாத்துக்கற ஹாஸ்டல்ல உட்டா சோத்தையே தொடாது. எங்க வீட்டுக்காரரோட கூடப் படிச்ச அண்ணன் ஒருத்தர் கோயமுத்தூர்ல இருக்காரு, அவங்க வீட்டுல ஜூனோன்னு ஒரு லேப்ரடார், அவங்களுக்கும் இதே கதைதான். அதனால தாராபுரம் பக்கம் ஒரு காட்டேஜ்ல நாய்க்கும் எடம் உண்டுன்னு போட்டிருந்ததைப் பாத்ததும் ரெண்டு குடும்பமும் சேந்து அரையாண்டு லீவுல புக் பண்ணிட்டோம். நாய் ஒண்ணுக்கு ஒரு ராத்திரிக்கு ஐநூறு ரூபா தனி. வார நாள்ல ரேட் கம்மிங்கறதால திங்கக்கெழமை போய் எறங்கற மாதிரி போட்டோம். இந்தத் திங்கக்கெழமைங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஊதியூர் மலையைத் தாண்டி ஒரு எடத்துல மெயின் ரோட்டை உட்டு எறங்குனா இட்டேரிதான். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு காரு போற அளவுக்குத்தான் தடம், எதுக்க ஒரு டிராக்டர் வந்து, ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள அண்ணன் புது காரோட சைடு பூரா வேலாமுள்ளு கீறிருச்சு, அவரு மொகத்தைப் பாக்கோணுமே. மழை பேஞ்சு முடிஞ்ச சமயம்ங்கறதால காடு பூரா பச்சையா இருந்துது, தூரத்துல காத்தாடிக வரிசையா நிக்குது. எங்க அத்தை, அதான் மாமியாரு, பொறந்தது வெள்ளகோவில் பக்கம் இதே மாதிரி ஒரு காட்டுல, அவங்க ஜன்னலை எறக்கி உட்டுட்டு, இது யாரு காடா இருக்கும், வேலியை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கானேன்னு சொல்லீட்டே வந்தாங்க.

சாளையை நல்லாத்தான் செஞ்சு வெச்சிருந்தாங்க, பொய் சொல்லக்கூடாது. பழைய சீமை ஓடு, நீளத் திண்ணை, கயித்துக்கட்டலு, வண்டிச்சக்கரத்தைச் செவுத்துல மாட்டி லைட்டு போட்டிருக்காங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி இருந்த எடத்துல நீல டைல்ஸ் ஒட்டி நீச்சல் குளம். அத்தை உள்ள போய் ஒரு சுத்து பாத்துட்டு, "நாங்க இதுக்குள்ள அடுப்புப் பொகையில இருமீட்டுக் கெடந்தோம், இவனுக ஏசி மாட்டிக் காசு பாக்கறானுக"ன்னு சொல்லீட்டுத் திண்ணையில காலை நீட்டி உக்காந்தவங்கதான், ஊருக்குக் கெளம்பற வரைக்கும் அந்தத் திண்ணையை யாருக்கும் உட்டுக்குடுக்கல.

நாங்க போய் எறங்குனப்போ மொத நாள் பார்ட்டிக்கு வந்த கூட்டம் காலி பண்ணீட்டுப் போயி ஆளுக கூட்டிட்டு இருந்தாங்க. பிரியாணி, எலும்பு, எலை, சில்வர் பேப்பரு எல்லாத்தையும் ரெண்டு பெரிய டப்புல அள்ளி மூங்கித் தட்டிக்குப் பின்னாடி கொண்டுபோனாங்க. எங்க கொண்டுபோறாங்கன்னு அப்ப யாரும் கேக்கல. கேட்டுக்கு வெளிய மரத்து நெழல்ல அஞ்சாறு தெருநாயி வயிறு ஊதிப்போயிப் படுத்திருந்துது, ஜூனோ குரைச்சதுக்குக்கூட தலையத் தூக்கல.

சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகோணும். சமையல் பண்ற அக்கா அந்த ஊருக்காரங்க, மத்தியானம் அரிசிம்பருப்பு சோறு, மேல நெய்யி, தொட்டுக்க கத்திரிக்கா, ராத்திரிக்குக் கொள்ளு ரசமும் நாட்டுக்கோழியும். திருப்பூர்ல இருக்கற என் சின்னப் பையன் அரிசிம்பருப்புன்னாலே மூஞ்சியத் தூக்குவான், அங்க ரெண்டாவது வாட்டி வாங்கித் தின்னான். வெறகடுப்புன்னு அக்கா சொன்னாங்க, எனக்கென்னமோ பையன் பூரா நாளும் வெயில்ல ஓடுனதுதான் காரணம்னு தோணுது.

நாயிக ரெண்டுக்கும் கூட அது பெரிய ஒலகம். ஜூனோ பொறந்ததுல இருந்து அப்பார்ட்மெண்ட் லிஃப்டுல போயிட்டு வர்ற நாயி, ஒரு சேவலைப் பாத்து பயந்து அண்ணன் கால் சந்துல போய் ஒளிஞ்சுது. வெள்ளச்சி அப்படி இல்ல, எறங்கன ஒடனே மண்ணை மோந்துட்டு, வேலி ஓரமாவே போயி எங்கெங்க சந்து இருக்குதுன்னு பாத்துட்டு வந்துது. நாய்க்குன்னு தனியா ஐநூறு வாங்கறாங்களே, வேலி எப்படின்னு பாத்தா முன்பக்கம் மட்டும் போட்டோவுக்கு அழகா கருங்கல் செவுரு, மூணு பக்கமும் பழைய கிளுவை வேலி, அதுல நாய் புகுந்து போற அளவுக்கு ஊருப்பட்ட சந்து. எங்க நாயிகளைக் கயித்தை உட்டு அவுக்கவே இல்ல. அந்தக் கொழுக்கட்டைப்புல்லு வெதை வேற ரோமத்துல ஒட்டிக்குது, நெருஞ்சிமுள்ளு பாதத்துல ஏறிக்குது. பொழுதோட வாக்கிங் போயிட்டு வந்தா அத்தை வெள்ளச்சியைத் திண்ணையில மல்லாக்கப் போட்டு ஒவ்வொரு வெரலு சந்தா விரிச்சு முள்ளு எடுப்பாங்க, காதுக்குள்ள உண்ணி இருந்தா அதையும் எடுத்து சோப்புத்தண்ணி டம்ளர்ல போடுவாங்க. நகத்துல வெச்சு நசுக்கக்கூடாதுன்னு எங்க கால்நடை டாக்டர் சொல்லியிருக்காரு. ஆடு மேயற காட்டுல உண்ணி இருக்கத்தான் செய்யும், உண்ணிக்காய்ச்சல் வந்துதுன்னா நாயி சோறு திங்காமச் சுருண்டு படுத்துக்கும், ஈறு வெளுத்துப்போகும், ரத்தத்துல தட்டணு கொறைஞ்சு உசுருக்கே வந்துரும், அதனால போறதுக்கு முன்னாடியே உண்ணி மருந்து குடுத்துக் கூட்டீட்டுப் போறது நல்லது. இணைப்புல இதையெல்லாம் ஒரு வரி போட்டிருக்கலாம்.

காட்டேஜுக்கு அக்கட்ட இருக்கறது கொறங்காடு. டவுன்ல இருக்கற வாசகர்களுக்காகக் கொஞ்சம் வெளக்கிச் சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். கொறங்காடுன்னா சும்மா கெடக்கற தரிசு இல்லீங்க. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அந்தப் பக்கம் கரூர் வரைக்கும் மழையை மட்டும் நம்பி இருக்கற மேய்ச்சக்காடு அது, சுத்தியும் கிளுவை உசுரு வேலி, உள்ள வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப்புல்லு. காங்கயம் மாடு வளந்ததே இந்தக் காட்டுலதான். செம்மறியாட்டை உள்ள உட்டுப் படலைச் சாத்திட்டா பின்னாடியே ஆளு போக வேண்டியதில்ல, ராத்திரியும் பல பேரு காட்டுலயே உட்டுருவாங்க. காலம் காலமா இப்படித்தான் நடந்துட்டு இருந்துது, அந்த வேலி ஆட்டை உள்ள நிறுத்தறதுக்குப் போட்டது, நாயை வெளிய நிறுத்தறதுக்குப் போட்டதில்ல. அப்ப காட்டுக்குள்ள கூட்டமா நாயி வர்ற பேச்சே இல்லைன்னு அத்தை சொல்றாங்க. இப்ப நாயி பூந்துச்சுன்னா ஆடு ஓடறதுக்கு எடமில்ல, எல்லாம் ஒரு மூலையில போய் அடைஞ்சு நின்னுக்கும், நாயிகளுக்கு வேலை சுலபமாப் போயிருது. வெள்ளகோவில் காங்கயம் சென்னிமலைப் பக்கம் செத்த ஆட்டை ரோட்டுல போட்டு விவசாயிக மறியல் பண்ணுனதை உங்க பேப்பர்லயே பாத்திருக்கறோம்.

அந்தக் கொறங்காட்டுக்காரரு ஒரு பெரியவரு. செவ்வாக்கெழமை பொழுதோட நாங்க நாயிகளைப் புடிச்சுட்டு இட்டேரியில நடந்து போறப்போ படலுக்கிட்ட நின்னு ஆட்டை எண்ணீட்டு இருந்தாரு, வாயில எண்ணாம கட்டைவெரலால மத்த வெரலுகளைத் தொட்டுத் தொட்டு. வெள்ளச்சியைப் பாத்ததும் ஆடு பூரா அந்தக் கோடி வேலிக்கு ஓடிப் போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுருச்சு, எங்க நாயி ஒரு சத்தம்கூடப் போடல. பெரியவரு எங்களைத் திட்டுவாருன்னு நெனச்சேன், திட்டல. "கயித்துல புடிச்சுட்டுப் போறீங்க, சந்தோசம் அம்மிணி, போன மாசம் வந்த ஒறம்பரை அவுத்து உட்டு மயிலைத் தொரத்த உட்டு வீடியோ எடுத்தாங்க"ன்னாரு. மயிலு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கற பறவை, அதை நாயை உட்டுத் தொரத்தறது கேஸ் ஆகற விஷயம், நம்ம ஊர்ல மயிலு கோழி மாதிரி திரியறதால யாருக்கும் அது ஒறைக்கறதில்ல. அத்தையும் அவரும் ஊரு பேரு கேட்டு, கொலக் கூட்டம் கேட்டு, எப்படியோ ஒரு சொந்தம் கண்டுபுடிச்சுட்டாங்க, அப்புறம் அரை மணி நேரம் நாயம் பேசுனாங்க. பேச்சுவாக்குல அவரு சொன்னாரு, "சனி ஞாயிறு எனக்குப் பயமில்ல, செவ்வாய் பொதன்தான் தூக்கமே வராது."

எங்களுக்கு அது புரியல. மறுநாள் வெடியக்காலையில புரிஞ்சுது.

பக்கத்துக் கோயில்ல மார்கழிப் பாட்டு இன்னும் போடல, அவ்வளவு இருட்டு. வெள்ளச்சி ரூமுக்குள்ள கதவைப் பொறாண்டுது, உறுமுது, அடங்கவே இல்ல. அப்புறம் அந்தப் பக்கம் சத்தம், ஆளுக கத்தறாங்க, டார்ச் வெளிச்சம். எங்க வீட்டுக்காரரும் அண்ணனும் ஓடுனாங்க, பின்னாடி நானும் போனேன். மூணு ஆடு கெடந்துது. மூணும் கழுத்துலயும் பின்னந்தொடையிலயும் கடிபட்டு, ஒண்ணையும் திங்கல, கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்குது. இன்னும் ரெண்டு மூணு காயத்தோட மூலையில நிக்குது. செத்ததுல ஒண்ணு சினை ஆடு, செவலை நெறம், காதுல அவரு வீட்டு அடையாளத்துக்கு ஓரத்துல சின்னதா வெட்டியிருந்துது, பெரியவரு அந்தக் காதைத்தான் புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு.

ஊருக்காரங்க நாலஞ்சு பேரு மொதல்ல வந்தது எங்க ரூமுக்குத்தான், அதுல தப்பே இல்ல, நானா இருந்தாலும் அங்கதான் போயிருப்பேன். வெள்ளச்சியும் ஜூனோவும் ராத்திரி பூரா உள்ள பூட்டி இருந்ததைச் சமையக்கார அக்கா சொன்னாங்க, வாயைத் தெறந்து பாத்தாங்க, காலைப் பாத்தாங்க, ஈரமோ மண்ணோ ரத்தமோ இல்ல. அப்புறம் அத்தைதான் சேலையத் தூக்கிச் சொருகீட்டு, வேலி ஓரமா காலடித் தடத்தைப் பாத்துட்டே போனாங்க, பனி பேஞ்ச மண்ணுல தடம் தெளிவாத் தெரிஞ்சுது. தடம் கொறங்காட்டுச் சந்துல இருந்து நேரா வந்து நின்ன எடம் காட்டேஜோட மூங்கித் தட்டிக்குப் பின்னாடி.

அங்க ஒரு குழி. மூடி கெடையாது, வேலி கெடையாது. எலை, சில்வர் பேப்பரு, பிளாஸ்டிக் டம்ளரு, எலும்பு, கோழி எறகு, மேல ஈ. பத்துப் பன்னெண்டு நாயி சுத்தியும் படுத்திருக்குது, ரெண்டு மூணுக்கு மூஞ்சியெல்லாம் ரத்தம். எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு மெதுவா நகந்துச்சு, ஓடக்கூட இல்ல. சமையக்கார அக்கா எங்கிட்டத் தனியா சொன்னாங்க, "சனிக்கெழமை ஆச்சுன்னா எங்கிருந்துதான் வருதுகளோ, ரெண்டு நாளு தின்னுட்டுக் கெடக்கும், செவ்வாக்கெழமை வெறும் எலையை நக்கும், அப்புறம் கூட்டமாக் கெளம்பிரும், நான் மேனேஜர்கிட்ட எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு, கேக்கலீங்."

பசி மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், பசிச்ச நாயின்னா ஒரு ஆட்டைக் கொன்னு தின்னுட்டுப் போயிருக்கும். ஆனா ஊருக்கு ஊரு ஒண்ணு ரெண்டாத் திரிஞ்ச நாயிகளை ஒரே எடத்துல கூட்டமாச் சேத்தது யாருன்னு கேக்கோணும். நாயி கூட்டம் சேந்துட்டா அதோட கொணமே வேற, தனியா இருக்கறப்போ ஆட்டைக் கண்டு ஒதுங்கிப் போற நாயிகூட கூட்டத்துல தொரத்தும், ஓடறதைக் கடிக்கும், கடிச்சதை உட்டுட்டு இன்னொண்ணைக் கடிக்கும். வாரக்கடைசி விருந்து சேத்து வைக்குது, மத்த நாளு கலைச்சு உடுது, கலைஞ்சு போற எடம் பக்கத்துக் கொறங்காடு.

மேனேஜர் வந்தாரு. அவரு சொன்ன மொத வார்த்தை, "அது தெருநாயிங்க, எங்களுக்குச் சம்பந்தம் இல்ல, பஞ்சாயத்துல போய் கேளுங்க." போன் போட்டா ஓனரு பெங்களூர்ல இருக்காராம், எடுக்கல. எங்க நாயிகளுக்கு ராத்திரிக்கு ஐநூறு வாங்கத் தெரியுது, அவங்க குழியில திங்கற நாயி மட்டும் தெருநாயி ஆயிருது. நாங்க ரெண்டு குடும்பமும் கையில இருந்ததைச் சேத்துக் குடுத்தோம், பெரியவரு வாங்கி எண்ணிப் பாத்து வேட்டி மடிப்புல சொருகீட்டு, "இது உங்க பிரியம், ஓனரு குடுக்க வேண்டியது தனி"ன்னு தெளிவாச் சொன்னாரு. சினை ஆடு மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல போகும்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. தெருநாயி கடிச்சு செத்த ஆடு கோழிக்கு இழப்பீடு குடுக்கறோம்னு அரசாங்கம் 2025-ல அறிவிச்சிருக்குது, அதுக்கு டாக்டர் வந்து பாக்கோணும், பேப்பர் எழுதோணும், அதுவரைக்கும் பெரியவரு அந்த ஆடுகளை எடுக்காமக் காவல் இருக்கோணும். அத்தை அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் குடுத்துட்டுக் கூடவே உக்காந்துட்டாங்க. பசங்களை நீச்சல் குளத்துக்கு அனுப்பி வெச்சோம், அவங்களும் போகல.

ஒடனே நாயிகளையெல்லாம் கொல்லுன்னு கத்தறவங்க இருக்காங்க, அன்னைக்கும் ரெண்டு பேரு கறியில மருந்து வெச்சா சரியாப் போகும்னு பேசுனாங்க. அது சட்டப்படி குத்தம்ங்கறது ஒரு பக்கம், மருந்து வெச்ச கறியைத் தெருநாயி மட்டும்தான் திங்கும்னு யாரு சொன்னா, பட்டிக்குக் காவல் இருக்கற நாயும் திங்கும், காக்காயும் திங்கும், எங்க வெள்ளச்சியும் திங்கும். 2023 கருத்தடை விதிப்படி புடிச்ச தெருநாயைக் கருத்தடை பண்ணி, வெறிநோய் ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே திருப்பி உடோணும். சரி, அப்படியே பண்றாங்கன்னு வெச்சுக்கோங்க, திருப்பி உடற எடத்துல அந்தக் குழி அப்படியே இருந்தா கருத்தடை பண்ணுன நாயும் ஆட்டைத்தான் கடிக்கப்போகுது, குட்டி போடாதுங்கறதைத் தவிர பெரியவருக்கு அதுல என்ன லாபம்? கருத்தடையும் வேணும், குழியும் மூடோணும், ஒண்ணைப் பண்ணிட்டு ஒண்ணை உட்டா வேலைக்காகாது.

காட்டேஜுக்காரங்களை மட்டும் சொல்றேன்னு நெனைக்காதீங்க. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைக எத்தனை இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், செத்த கோழியைக் குழி தோண்டிப் பொதைக்கறவங்களும் இருக்காங்க, ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல வீசீட்டுப் போறவங்களும் இருக்காங்க. ரோட்டோர கறிக்கடைக்காரங்க மூட்டை கட்டிப் பாலத்துக்கடியில தள்றாங்க. எங்க திருப்பூர்ல இருந்தே குட்டிகளை அட்டைப்பெட்டியில போட்டு அவினாசிபாளையம் தாண்டி உட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, கேட்டா காட்டுல பொழைச்சுக்கும்பாங்க. இதெல்லாம் பழைய வியாதி. காட்டேஜு புது வியாதி, இப்பத்தான் வருதுங்கறதால இதையாவது மொதல்லயே புடிக்கலாம்ங்கறதுதான் என் ஆதங்கம்.

மலையடிவாரத்துல இருக்கற காட்டேஜ்கள்ல இது இன்னும் மோசம். ஆழியாறு ஆனைமலைப் பக்கம் எலும்புக்கு நாயி வரும், நாயிக்குச் சிறுத்தை வரும். ஊதியூர் மலையிலயே கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு சிறுத்தை வந்து ஆட்டையும் நாயையும் அடிச்சுட்டு ஊரையே தூங்க உடாம வெச்சிருந்துது. நாயோட நோயி காட்டு மிருகத்துக்குப் போறதும் உண்டு, 2018-ல குஜராத் கிர் காட்டுல சிங்கங்க வரிசையாச் செத்தப்போ அதுகள்ல கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்துதுன்னு கண்டுபுடிச்சாங்க, அது நாயிகளுக்கு வர்ற நோயிதான். புலிகள் காப்பகத்துக்குள்ள நாயைக் கூட்டீட்டுப் போக உடமாட்டாங்க, டாப்சிலிப் போலாம்னு நாயோட கெளம்பறவங்க அதை மொதல்லயே தெரிஞ்சுக்கங்க. காட்டை ஒட்டுன தோட்டங்கள்ல காட்டுப்பன்னிக்குன்னு திருட்டுத்தனமா அவுட்டுக்காய், அதாவது கடிச்சா வெடிக்கற நாட்டுவெடி, வைக்கறவங்களும் இருக்காங்க, மோந்து பாக்கற நாயி கடிச்சா தாடையே போயிரும். கயிறு கையில இருக்கோணும்னு சொல்றது ஆட்டுக்காக மட்டும் இல்லீங்க.

பசங்களோட போறவங்களுக்கு இன்னொண்ணு. குழியைச் சுத்தற நாயிகளை டவுன் பசங்க தெருவுல நாயைத் தடவற மாதிரியே தடவப் போறாங்க, மொத நாளு எங்க சின்னவனும் பிஸ்கட் பாக்கெட்டோட கெளம்பிட்டான். கடியோ கீறலோ பட்டா மொதல்ல சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவோணும், மஞ்சத்தூளு சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது, நேரா ஆரம்ப சுகாதார நெலையத்துக்குப் போயி ஊசியை ஆரம்பிச்சு, எத்தனை நாள்ல வரச் சொல்றாங்களோ அத்தனையும் போட்டு முடிக்கோணும். வெறிநோய் அறிகுறி வந்தப்புறம் காப்பாத்தறதுக்கு வழி இல்ல.

சரி, என்ன பண்ணலாம்ங்கறீங்களா. பெருசா ஒண்ணும் இல்லீங்க. அண்ணனோட தங்கச்சி குடும்பம் போன வருஷம் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல தங்கியிருக்காங்க, அங்க புக் பண்றப்பவே நாயோட தடுப்பூசி புக்கை வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இருக்காங்க, வெறிநோய் ஊசி தேதி முடிஞ்சிருந்தா வர வேண்டாம்னு சொல்லிருவாங்களாம். காய்கறி தோலு, மிச்சச் சோறு தனி, எலும்பு தனி, எலும்புக்கு சிமெண்ட் ரிங்கு எறக்கி இரும்பு மூடி போட்ட குழி, ராத்திரி மூடிக்கு மேல கல்லு. நாயிக உலாத்தறதுக்குன்னு கம்பிவலை அடிச்ச ஒரு துண்டு நெலம், வலையோட அடி மண்ணுக்குள்ள பொதைஞ்சிருக்குது, அதனால தோண்டீட்டுப் போக முடியாது. நாயிக்குன்னு வாங்கற காசு அங்க வலைக்கும் மூடிக்கும் போகுது. தாராபுரத்துக்காரங்க வாங்கற ஐநூறு எங்க போகுதுன்னு தெரியல.

கேக்கறதுக்கு ஆளு வேணும், அவ்வளவுதான். காட்டேஜுக்கு அனுமதி குடுக்கறவங்க மழைநீர் தொட்டி இருக்குதா, பார்க்கிங் இருக்குதான்னு பாக்கறப்போ குழிக்கு மூடி இருக்குதான்னும் பாக்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கறவரு நம்பரு மேனேஜர் கிட்ட இருக்கட்டும், மேனேஜர் நம்பரு அவருகிட்ட இருக்கட்டும், எங்க பெரியவருகிட்ட அந்த காட்டேஜோட நம்பரே இல்ல, வருஷக்கணக்கா பக்கத்துலயே இருக்காரு. புக் பண்ற நாமளும் ரூம்ல ஏசி இருக்குதா வைஃபை இருக்குதான்னு கேக்கறோமே, மிச்ச எலும்பை எங்க போடுவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா அவங்களுக்கே உறுத்தும். கயித்தை அவுத்து உட்டு மயிலைத் தொரத்தி வீடியோ போடறவங்களை லெட்டர் எழுதுன அந்த அய்யா திட்டட்டும், நானும் சேந்து திட்டறேன். ஆனா எங்களை மட்டும் நிறுத்திட்டா அவரு ஆடு பொழைச்சுக்கும்னு நம்ப வேண்டாம், நாங்க வராட்டியும் சனிக்கெழமை பிரியாணி வேகும்.

ஊருக்கு வந்து சேந்த மறுநாள் காட்டேஜ்ல இருந்து மெசேஜ் வந்துது, உங்க அனுபவம் எப்படி, அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு. குழியோட போட்டோவை அனுப்பி, பெரியவருக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு கேட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் உழுந்துது, பதில் இன்னும் வரல.

உங்ககிட்ட ஒரு கோரிக்கைங்க. அடுத்த தடவை இணைப்புல காட்டேஜ் பத்திப் போடறப்போ நிருபரைத் திண்ணையையும் நீச்சல் குளத்தையும் மட்டும் போட்டோ எடுத்துட்டு வர உடாதீங்க, மூங்கித் தட்டிக்குப் பின்னாடியும் ஒரு எட்டு போயிட்டு வரச் சொல்லுங்க. செவ்வாக்கெழமை ராத்திரி தங்கற மாதிரி அனுப்புங்க, ஞாயித்துக்கெழமை போனா நாயிக எல்லாம் வயிறு ரொம்பித் தூங்கீட்டு இருக்கும், ஒண்ணும் தெரியாது.

இப்படிக்கு,
வெள்ளச்சி வீட்டுக்காரி,
திருப்பூர்.